மாமன் வரலாம், அண்ணன் வரக்கூடாது

அந்த இடம் இப்போது பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. விழா மலர் போடுகிறோம், பழைய ஆட்கள் நினைவில் இருப்பதை எழுதிக் கொடுங்கள் என்று எனக்கும் ஒரு கடிதம் வந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப் பிழை இருக்குமோ, யார் மனதாவது புண்படுமோ என்று பயந்து பயந்து நாலு நாள் உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். மலர் வந்தது. எந்தக் கட்டடம் எப்போது எழும்பியது என்று இருந்தது; பாதிரிமார் படங்கள் இருந்தன. நான் எழுதியது இல்லை. குறையாகச் சொல்லவில்லை. பெண்கள் விடுதியின் கேட்டில் நின்றவளுக்குத் தெரிந்த சரித்திரம் மலரில் போடும்படியானது அல்லதான்.

சங்ககிரி மலையைப் பார்த்தபடி கிடந்த கரட்டு நிலம் அது. கொழுக்கட்டைப் புல்லும் வெள்ளைக்கல்லும் தவிர ஒன்றும் கிடையாது. பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்த பெண் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற, வெளிதேசத்துப் பாதிரி ஒருவரும் அவர் சம்சாரமும் அதை வாங்கினார்களாம். முதலில் இரண்டு ஓலைக் கொட்டகை. பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடம் ஆனது. அந்தப் பிள்ளைகளில் சிலர் வாத்தியாரம்மா ஆனபோது டிரெயினிங் ஸ்கூல் வந்தது. அப்புறம் ஹைஸ்கூல். நான் போய்ச் சேர்ந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. காலேஜ் வகுப்பும் தொடங்கியிருந்தார்கள். கோயில், சாப்பாட்டுக் கூடம், விடுதி, சுற்றிலும் ஆள் உயர மதில். மதிலில் ஒரே ஒரு இரும்புக் கேட். அதன் சாவி என் இடுப்பில்.

நான் அங்கே போனது ஆசைப்பட்டு அல்ல. கல்யாணமான இரண்டாம் வருஷம் என் வீட்டுக்காரர் கண்டிச் சீமைக்குத் தோட்ட வேலைக்குப் போனார். கொஞ்ச நாள் காகிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. இருக்கிறாரா இல்லையா தெரியாது. தாலியைக் கழற்றவும் முடியாது, பொட்டை மனசாரப் பெரிதாக வைத்துக்கொள்ளவும் கூச்சம். என்னைப் பார்த்தால் மகன் ஞாபகம் வருகிறது என்றார் மாமியார். பிறந்த வீட்டில் தம்பி பெண்டாட்டி வந்துவிட்டாள். காலேஜில் பெயர் வாசிக்கத் தெரிந்த ஒரு பொம்பளை வேண்டுமாம் என்று, அங்கே சமையலில் இருந்த எங்கள் ஊர்க்காரி சொல்லி என்னைக் கூட்டிப் போனாள். நான் கிறிஸ்து வேதத்தில் சேரவில்லை. யாரும் சேரச் சொல்லவும் இல்லை. ஆனால் காலை ஜெபத்துக்கு எல்லோரும் நின்றாக வேண்டும். கண்ணை மூடின நேரத்தில் கேட்டில் யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் ஒரு கண்ணைத் திறந்துகொண்டே நிற்பேன்.

எனக்குப் பயம் பிறவியிலேயே உண்டு. பூட்டைப் பூட்டிவிட்டுப் பத்தடி போய் மறுபடி வந்து இழுத்துப் பார்ப்பேன். ஞாயிறு மாலை பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக ஏரிக்கரை வரை நடந்து திரும்பும்போது தலையை எண்ணுவேன். எண்ணிக்கை சரியாக வந்தாலும் தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணுவேன். சமையற்கட்டில் இருந்தவர்கள், "உன்ற கணக்குல ஆருமே உள்ள வந்து சேர மாட்டாங்க போ" என்று சிரிப்பார்கள். இந்தக் குணம்தான் அந்த வேலைக்கு எடுபட்டது என்று நினைக்கிறேன்.

விடுதிக்குத் தலைமையாக இருந்த வெள்ளைக்கார அம்மாவை மிஸ்ஸியம்மா என்போம். நல்ல மனுஷி. தமிழை வேதப் புத்தகம் வைத்துப் படித்தவர்; தெருவில் போகிற கழுதையைக்கூட "அதோ, ஒரு கழுதை செல்கிறது" என்றுதான் சொல்வார். பெண்ணைப் படிக்கப் போட்டு ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் அப்புறம் ஒரு தகப்பனும் பெண்ணை அனுப்ப மாட்டான் என்ற கவலை அவருக்கு உண்டு. அதனால் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். பெண்ணைச் சேர்க்கும்போதே, யார் யார் அவளைப் பார்க்க வரலாம் என்று தகப்பனார் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமை இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை அந்தத் தாளில் இருக்கிறவர்கள் மட்டும் வரலாம். தகப்பன், தாய், கூடப்பிறந்தவன், மாமன். இவர்களைத் தவிர வேறு ஆண்பிள்ளை பெயர் எழுதியிருந்தால் மிஸ்ஸியம்மா அடித்துவிடுவார்.

இதில்தான் கோளாறு. பெரியப்பன் மகனும் சித்தப்பன் மகனும் எங்களுக்கு அண்ணன் தம்பிதான். அவர்களை மிஸ்ஸியம்மா உள்ளே விடமாட்டார். கூடப்பிறந்தவன் இல்லை என்றால் அந்நியன் என்பது அவர் ஊர் நியாயம். மாமனை விடுவார். தகப்பனைப் போல வயதுக்கு மூத்தவர், ரத்தச் சொந்தம், அவரால் என்ன கெடுதல் வரும் என்று நினைத்தார். அக்காள் மகளைக் கட்டுகிற உரிமை மாமனுக்குத்தான் முதலில் என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது. கூட இருந்த தமிழ் டீச்சரம்மா திருநெல்வேலிப் பக்கம், நாலு தலைமுறை வேதக்காரர்கள். அவர்கள் சபையில் அந்த வழக்கத்தை எப்போதோ நிறுத்திவிட்டார்களாம். அவருக்கும் அது தோன்றவில்லை.

சமையற்கட்டில் இது பெரிய வேடிக்கை.

"பாவம், பெரியப்பன் மவன் வேலிக்கு அந்தப்பக்கம் காயறான். மாப்ளை ஜம்முனு உள்ள உக்காந்து முறுக்குத் திங்கறாரு."

"மிஸ்ஸியம்மா பொண்ணு பாக்கற சோலிய எப்ப எடுத்துச்சுங்க?"

"அடியே, மெதுவாப் பேசு. காதுல உளுந்தா மாமனுக்கும் முறுக்கு இல்லாமப் போயிரும்."

நானும் சிரித்தேன். சிரித்தேனே ஒழிய ஒருநாளும் போய்ச் சொல்லவில்லை. அதைத்தான் மலருக்கு எழுதியிருந்தேன்.

கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். காலேஜ் முதல் வருஷம். அந்த ஊரிலிருந்து ஆத்தூர் வந்து, ரயிலேறி சேலம் வந்து, அங்கே வண்டி மாறி எங்கள் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு பெண் படிக்க வந்ததே அதிசயம். தாவரப் படிப்பு படித்தாள். மதிலோரம் முளைத்ததையெல்லாம் பிடுங்கி வந்து பழைய பேப்பருக்குள் வைத்து என் கட்டில் பலகைக்கு அடியில் அழுத்திவிடுவாள். "அக்கா, இதுக்கு உங்க ஊருல இன்னா பேரு?" என்பாள். நான் குப்பைமேனி என்றால் குப்பைமேனி என்று எழுதி, பக்கத்தில் வாயில் நுழையாத ஒரு பெயரையும் எழுதுவாள். என்னிடம் ஒருவர் கேட்டு, நான் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

அவள் அம்மாவின் தம்பி, மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை வருவார். முப்பது வயதிருக்கும். கெட்ட மனிதர் அல்ல. கேட்டுக்கு வெளியே துண்டால் முகத்தைத் துடைத்து, தலையைப் படிய வாரிக்கொண்டுதான் கூப்பிடுவார். கூட்டிப் போய் மரத்தடி பெஞ்சில் உட்கார வைப்பேன். அவள் பெஞ்சின் மறுகோடியில் உட்காருவாள். கொண்டுவந்த பலகாரத்தை அவரே எடுத்துக் கொடுப்பார். அவள் கையில் வைத்துக்கொண்டே இருந்துவிட்டு, அவர் போனதும் எனக்குக் கொடுத்துவிடுவாள்.

ஒருநாள் கேட்டாள்: "அக்கா, மாமா வந்தா நான் காய்ச்சல்ல படுத்திருக்கேன்னு சொல்லிடுங்களேன்."

"அப்படிச் சொல்லப் போயி, அவரு உள்ள வந்து பாக்கோணும்னா என்ன சாமி பண்றது?"

"பரீட்சை முடியட்டும்னுதான் அப்பா சொல்லியிருக்காரு. ஆனா மாமாவுக்குப் பொறுக்கல. ஊருல எல்லாரும் பரியாசம் பண்றாங்களாம், பொண்டாட்டி படிச்சு முடிக்கிறவரைக்கும் உனக்குத் தல நரைச்சிடும்னு."

"உனக்கு இஷ்டம் இல்லியா?"

"எனக்கு டீச்சராவணும். கட்டிக்கிட்டா, அப்புறம் இந்தக் கேட்டுக்குள்ள யாரு விடுவாங்க?"

உண்மை. கல்யாணம் ஆனவர்களுக்கு விடுதியில் இடம் இல்லை என்பது சட்டம்.

அன்றைக்கே மிஸ்ஸியம்மாவிடம் சொல்லிவிடுவது என்று பங்களாவுக்குப் போனேன். வராந்தாப் படி ஏறினதும் நின்றுவிட்டேன். சொன்னால் என்ன ஆகும்? இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். எல்லா மாமன்களையும் நிறுத்துவார். தகப்பன்மார்கள் கோபித்துக்கொண்டு பெண்களைக் கூட்டிப் போவார்கள். என்னால்தான் என்று என்னையும் அனுப்பிவிட்டால் எந்த வீட்டுக்குப் போவேன்? "என்ன வேண்டும்?" என்றார். "லாந்தருக்குச் சீமெண்ணெய் தீந்துபோச்சுங்கம்மா" என்றேன். அடுத்த வாரம் மறுபடி போனேன். மதில் ஓரமாக ஒரு நாய் திரிகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை படியிலேயே டீச்சரம்மா வந்துவிட்டார். "என்னளா, எப்பப் பாத்தாலும் இங்கயே சுத்திக்கிட்டு நிக்க?" என்றார். "ஒண்ணுமில்லீங்க" என்று திரும்பிவிட்டேன்.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை மாமன் வந்தபோது கையில் பலகாரம் இல்லை, ஒரு காகிதம் இருந்தது. தகப்பனார் படுத்த படுக்கையாக இருக்கிறார், மகளை மாமனோடு இரண்டு நாள் அனுப்பி வைக்கவும் என்று எழுதிக் கீழே கையெழுத்து. மிஸ்ஸியம்மா அந்தக் கையெழுத்தைத் தாளில் இருந்ததோடு ஒத்துப் பார்த்தார். மாமன்தானே. வெளியே போகிறதுக்கான சீட்டை எழுதி என் கையில் கொடுத்துவிட்டார்.

அவள் ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள். "அப்பாவுக்கு நெசமாவே முடியலையா மாமா?" என்று மூன்று தரம் கேட்டாள். "நெசந்தான், வா, நாலு மணி வண்டி போயிடும்" என்றார் அவர். நான் சாவியைப் பூட்டில் போட்டேன். திரும்பிவிட்டது. என்னையும் அறியாமல் திருப்பி மூடினேன்.

"சிக்கிக்கிச்சுங்க" என்றேன்.

"எண்ணெ கிண்ணெ வுடும்மா."

"சீமெண்ணெய் தீந்துபோச்சுங்க."

"இன்னா எடம்மா இது! தள்ளு, நான் பாக்கறேன்."

அவர் குனிந்தார். காதுக்குப் பின்னால், கிராப்பு முடிகிற இடத்தில், மஞ்சள் ஒட்டியிருந்தது. தேய்த்துக் குளித்தும் போகாத மஞ்சள். ஆண்பிள்ளைக்கு அங்கே மஞ்சள் ஏறுவது நலுங்கு வைக்கும்போது மட்டும்தான். ஊரில் நலுங்கு ஆகிவிட்டது. பந்தலும் போட்டிருப்பார்கள். அவள் தாளில் தாய் தகப்பனை விட்டால் மாமன் ஒருவர் பெயர்தான் உண்டு என்பதால் மாப்பிள்ளையே பெண்ணழைக்க வந்திருக்கிறார்.

என்ன தாமதம் என்று மிஸ்ஸியம்மா டீச்சரம்மாவோடு நடந்து வந்தார். சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன்: "அம்மா, எங்க பக்கத்துல மாமங்கறவருதாங்க கட்டிக்கறவரு. இவரு பொண்ணக் கட்டிக்கத்தான் கூட்டிப் போறாருங்க."

மிஸ்ஸியம்மாவுக்குப் புரியவில்லை. "மாமா தகப்பனைப் போன்றவர் அல்லவா?" என்றார். டீச்சரம்மா இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அந்த வெள்ளை முகம் கழுத்திலிருந்து சிவந்து ஏறினதை இன்றைக்கும் மறக்க முடியாது.

"எல்லா மாமாக்களுமா?" என்று என்னைக் கேட்டார்.

"எல்லாரும் இல்லீங்கம்மா. உரிமை உண்டுங்க. சில பேரு கட்டுவாங்க, சில பேரு உட்டுருவாங்க."

"இத்தனை வருஷமாக உனக்குத் தெரியுமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் மாமனைப் பார்த்தார். "நீர் இவளை விவாகம் செய்யப் போகிறீரா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஆமாம்மா. அதுல இன்னா தப்பு? எங்கக்கா பொண்ணு. பொறந்தப்பவே பேசி வெச்சது. அவ அப்பாவுக்கு ஒடம்பு முடியாததும் நெசம். கண்ண மூடறதுக்குள்ள மவ கழுத்துல தாலி பாக்கணும்றாரு. நான் இன்னா திருடிட்டா போறேன்?"

மிஸ்ஸியம்மா அந்தப் பெண் பக்கம் திரும்பி, "உன் சித்தம் என்ன, மகளே?" என்றார்.

அவள் முதலில் மாமனைப் பார்த்தாள். பிறகு, "எனக்கு அப்பாவப் பாக்கணும். கல்யாணம் வேண்டாம்" என்றாள்.

இரண்டையும் சேர்த்து எவராலும் கொடுக்க முடியாது. மிஸ்ஸியம்மா சீட்டை என் கையிலிருந்து வாங்கிக் கிழித்தார். கல்யாணம் என்றால் கல்யாணம். தகப்பன் நோவு என்பது சும்மா சாக்கு என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்று சொல்ல வேண்டும்.

மாமனை வெளியே விடுவதற்காகக் கேட்டைத் திறந்தேன். போகிற போக்கில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பூட்டு இப்ப மட்டும் தொறக்குதா? புருசன் ஓடிப்போனவளுக்கு ஊருல ஒருத்தியும் வாழக்கூடாதுன்னு எண்ணம்."

அது எனக்கு அப்படி வலிக்கவில்லை. வலித்தது இன்னொன்று. நான் கேட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பியபோது அந்தப் பெண் பையோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். எனக்கு நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, எங்கப்பா செத்துட்டா அது உங்களாலதான்" என்றாள்.

அந்த இரண்டு வாரம் எனக்கு எப்படிப் போயிற்று என்று எழுதத் தெரியவில்லை. தபால்காரன் சைக்கிள் தெரிந்தாலே எழுந்து நின்றுவிடுவேன். கார்டில் சாவுச் சேதிக்குப் போடுகிற கறுப்புக் கரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன். அவள் பரீட்சை எழுதினாள். எழுதிவிட்டு வரும்போதெல்லாம் கேட்டைப் பார்ப்பாள், என்னைப் பார்க்க மாட்டாள். இலை தழை கொண்டுவந்து வைப்பதும் நின்றுபோனது.

கடைசிப் பரீட்சை அன்று தகப்பனாரிடமிருந்து கடிதம் வந்தது. பிழைத்துவிட்டார். முதுகில் ராஜபிளவை என்கிற கட்டி வந்து, அறுத்துக் கட்டுப் போட்டிருந்தார்களாம். என் கையெழுத்தை நம்பாத இடத்திலேயே என் மகள் இருக்கட்டும், லீவுக்கும் இங்கே வர வேண்டாம் என்று எழுதியிருந்தார். கூடவே புதுத் தாள் ஒன்று, பார்க்க வரலாம் என்பவர்கள் பெயர் எழுதுகிற தாள். அதில் ஒரு பெயரும் இல்லை. கீழே கையெழுத்து மட்டும்.

மாமன் அதே முகூர்த்தத்தில் வேறு ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டாராம். போட்ட பந்தல் வீணாகக் கூடாதல்லவா?

மிஸ்ஸியம்மா அவள் படிப்புக்குக் கட்ட வேண்டிய சம்பளத்தைத் தள்ளுபடி செய்து, சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார். எல்லாத் தாளிலும் மாமன் பெயரை அடித்தார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து கள்ளம் கபடமில்லாத கிழட்டு மாமன்களெல்லாம், பொங்கலுக்குச் சீலை எடுத்துக் கொடுக்கிற மாமன்களெல்லாம், மதிலுக்கு வெளியே வெயிலில் நின்று என்னைத் திட்டினார்கள். "ஏனுங்க, நான் பேரன் எடுத்தவனுங்க, என்னையப் பாத்தாப் புதுமாப்ளையாட்டம் இருக்குதுங்களா?" என்று ஒருவர் பொக்கை வாயைத் திறந்து காட்டினார். சட்டம் சட்டம்தான். நான் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.

மே மாசம் மிஸ்ஸியம்மா ஏற்காட்டுக்குப் போய்விடுவார். பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். அத்தனை பெரிய கட்டடத்தில் அவளும் நானும் மட்டும். இரண்டு பேருமே போக இடம் இல்லாதவர்கள். சாப்பாட்டுக் கூடத்தின் நீளப் பலகையில் அவள் அந்தக் கோடியில் சாப்பிடுவாள், நான் இந்தக் கோடியில். "தண்ணி வேணுமா சாமி?" என்பேன். தலையை ஆட்டுவாள்.

ஒருநாள் மத்தியானம் கேட்டுக்கு வெளியே ஒரு அம்மாள் நின்றாள். தலையில் துணியைப் போட்டு மூடி, வெயிலில் வந்த முகம். மூக்கையும் நெற்றியையும் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. அவள் அம்மா.

"ஆத்தூர் சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள். "ஒருவாட்டி கண்ணால பாத்துட்டுப் போயிடறேன்."

நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வெறும் தாளைப் பார்த்தேன். தெரிந்ததையே பார்த்தேன். அன்றைக்குச் சனிக்கிழமையும் இல்லை.

"பேரு இல்லீங்க" என்றேன்.

அவள் கோபிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு அவள அனுப்பாதது நீதானாமே. தம்பி சொன்னான். நான் உன்னைத் திட்டறதுக்கு வரல. சொல்லிட்டுப் போறேன், கேட்டுக்க. ரெண்டும் நெசந்தான். அவரு சாவக் கெடந்ததும் நெசம். எம் பொண்ணு அழுதுகிட்டே மணையில குந்தியிருப்பான்றதும் நெசம். நான் அவரு தலமாட்டுல உக்காந்துகினு, அவ வந்துடக்கூடாது சாமின்னும் வேண்டிக்கிட்டேன், வந்துடணும்னும் வேண்டிக்கிட்டேன்."

நான் போய் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "அம்மா" என்று மட்டும் சொன்னேன். பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். கம்பிக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவள். அம்மா கம்பிக்குள் கையை விட்டு மகள் கன்னத்தைத் தடவ, கம்பி இடைஞ்சல் பண்ணியது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? பூட்டைத் திறந்தேன். சீட்டு இல்லாமல், பெயர் இல்லாமல், சனிக்கிழமை இல்லாமல் நான் அந்தக் கேட்டைத் திறந்தது அது ஒரே தடவை. கதவை நன்றாகவே விரியத் தள்ளினேன்.

"உள்ள வாங்க" என்றேன்.

அம்மா அசையவில்லை. "வேணாம்மா. உள்ள வந்தேன்னா, அவரு கேக்கறப்ப காலேஜுக்குள்ள போவலன்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

"நீ போ சாமி, நான் பாத்துக்கறேன்" என்று மகளிடம் சொன்னேன். அவளும் அசையவில்லை. "சீட்டு இல்லாம வெளியில காலு வெச்சா இடம் போயிடும்க்கா" என்றாள்.

கேட் திறந்தே கிடந்தது. கதவு உருள்வதற்காகத் தரையில் பதித்த இரும்புப் பட்டைக்கு அந்தப் பக்கம் அம்மா வெறும் மண்ணில் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அம்மா மடியிலிருந்து சீப்பை எடுத்து, பட்டைக்கு மேலாகக் கையை நீட்டி, சிக்கு எடுத்துப் பின்னத் தொடங்கினாள். இடையில் அப்பாவின் புண் ஆறினதைப் பற்றியும், மாமன் பெண்டாட்டிக்குச் சமைக்க வராததைப் பற்றியும் சொன்னாள். மகள் சிரித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எனக்குக் கேட்க நேரமில்லை. ரோட்டில் யாராவது வருகிறார்களா, பங்களாவின் தோட்டக்காரன் பார்த்துவிடுவானா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நடுவில் நின்றேன். கழுத்து வலித்தது. சீக்கிரம் பின்னி முடித்தால் தேவலை என்று இருந்தது. முடித்துவிடுவாளே என்றும் இருந்தது.